கடைசி வரியில் இருந்தவன்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பது. நரையும் தாடியும் சீடருக்குத்தான். குரு, காட்டன் சேலை கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்குகிற குமுதவல்லி. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளை, பேரலை கூடைப்பந்து அணி நல்ல சம்பளம் பேசிக் கூட்டி வந்திருந்தது. ஆட்டத்தில் நடப்பதையெல்லாம் எண்ணாக்கி, அந்த எண்களை வைத்து அணி எப்படி ஆடுகிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை.

சீடர் பிலவேந்திரன், அணியின் துணைப் பயிற்சியாளர். தூத்துக்குடிக்காரர். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடி இரண்டு முட்டியையும் தொலைத்தவர். முதலில் அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பந்தைப் பிடிக்கத் தெரியாத பொம்பளை நமக்கு ஆட்டம் சொல்லித் தருவதா என்று போகிற இடமெல்லாம் புலம்பினார்.

ஒரு நாள் குமுதவல்லி, எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரன் ஒருவன் இடப்பக்கம் போனால் பாதிக்கு மேல் தவறவிடுகிறான் என்று சொன்னாள். அவனை இடப்பக்கமே நெருக்கித் தள்ளினார்கள். ஜெயித்தார்கள். மறுநாள் காலை பிலவேந்திரன் ஒரு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க, டீச்சர்."

"உக்காருங்க அண்ணே."

அன்றிலிருந்து மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சராசரி, விகிதம், வரைபடம் என்று சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. வீட்டுக்காரி சாம்பார் ஊற்றினால்கூட, போன வாரத்தைவிட முருங்கைக்காய் குறைந்திருக்கிறது என்று கணக்குச் சொன்னார். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வருஷம் பேரலைக்கு நேரம் சரியில்லை. அடுத்தடுத்து ஏழு ஆட்டம் தோற்றார்கள். மண்ணைக் கவ்வித் தோற்றிருந்தாலாவது மனசு ஆறிப்போயிருக்கும். எல்லாமே ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. கடைசி நொடியில் வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வெளியே விழுந்த பந்துகள்.

அணியின் முதலாளி விஜயரங்கம். பெயின்ட் கம்பெனிக்காரர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரோ ஒருத்தனாலதான் தோக்கறோம். யாருன்னு சொல்லுங்க. திங்கட்கிழமை அவனை அனுப்பிடலாம்."

குமுதவல்லி சொன்னாள்: "அணி எப்படி ஆடுதுன்னு சொல்றேன் சார். யாரால தோக்கறோம்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு கம்ப்யூட்டர்?"

விஜயரங்கம் நாற்காலியைப் பிலவேந்திரன் பக்கம் திருப்பினார்.

"பிலவேந்திரன், நீங்களும் இதெல்லாம் கத்துக்கிட்டீங்களாமே?"

ஐம்பது வயதில் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. பிலவேந்திரனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. முதலாளி தன்னைப் பார்த்துக் கேட்கிறாரே!

"பாத்துடலாம் சார்," என்றார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தார். கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒருவன் களத்தில் நிற்கிற நேரத்தில் நாம் எடுத்த புள்ளி எத்தனை, கொடுத்த புள்ளி எத்தனை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவன் கணக்கு. பன்னிரண்டு பேருக்கும் போட்டு, மேலிருந்து கீழாக அடுக்கினார். கடைசி வரியில் இசக்கிராஜா வந்து நின்றான்.

பிலவேந்திரனுக்குச் சுருக்கென்றது. இசக்கியை இங்கே கூட்டிவந்ததே அவர்தான். திருநெல்வேலியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசாங்க வேலையில் இருந்தான். மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். "ஏலே, அந்த நாற்காலியத் தேய்ச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்ப? இங்க வாலே, உன்ன ஊரே பாக்கும்" என்று ஃபோனில் பேசிப் பேசியே அந்த வேலையை ராஜினாமா செய்ய வைத்தார். இப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. சீசன் நடுவில் வெளியே அனுப்பப்பட்டவனை வேறெந்த அணியும் தொடாது.

மறுபடியும் கூட்டிப் பார்த்தார். அதே விடைதான். பிறகு யோசிக்க யோசிக்க, ஆமாம், இவன் தற்காப்புக்குத் திரும்பி ஓடும்போது ஒரு எட்டுப் பின்னால்தானே வருகிறான் என்று தோன்றியது. போன மாதம் ஒரு பந்தைக் கோட்டை விட்டானே என்றும் தோன்றியது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பாசம் வேறு, கணக்கு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேரை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவர் பார்த்துவிட்டதாக இரண்டு நீல டிக் விழுந்தது.

குருவிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பிவிட்டுக் கேட்கப் போனார்.

"கணக்கப் பாருங்க டீச்சர். சரியா இருக்கா?"

குமுதவல்லி வரி வரியாகப் பார்த்தாள்.

"கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்போ இசக்கிய அனுப்பிடலாம்னு அர்த்தமா?"

அவள் லேப்டாப்பை மூடி அவரிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒரு தாள் தர்றேன் அண்ணே. அதைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

அனுப்பியாயிற்று என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எப்படியும் அவள் சரியென்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் தாள் வந்தது. அதில் பேர் கிடையாது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஏழு ஆட்டத்தின் கணக்கு, முன்பாதி தனி, பின்பாதி தனி.

"ஏதோ ஒரு அணின்னு வெச்சுக்கோங்க. இதுல யாரை அனுப்பலாம்னு சொல்லுங்க."

பிலவேந்திரன் மதியச் சாப்பாட்டையும் மறந்து அதிலேயே கிடந்தார். வண்ணப் பேனாவால் வட்டம் போட்டார், கோடு இழுத்தார். சாயங்காலம் ஜம்மென்று வந்து உட்கார்ந்தார்.

"ஒன்பதாம் நம்பர். சந்தேகமே இல்ல."

"ஏன்?"

"முன்பாதி பரவாயில்ல. பின்பாதியில தொபுக்கடீர்னு விழுறான் பாருங்க. மூச்சு பத்தல. ஓட்டப் பயிற்சிக்கு ஒழுங்கா வர்றதில்ல, எழுதி வெச்சுக்கோங்க."

"அப்புறம்?"

"கடைசி மூணு ஆட்டத்தப் பாருங்க. மனசே இல்லாம ஆடியிருக்கான். வீட்ல ஏதோ தகராறு. நான் இந்த மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்!"

"நாலாம் நம்பர்?"

"அவன் சிங்கம், டீச்சர். நெருக்கடி வந்தா நிமிந்து நிக்கிற ஆளு. கண்ண மூடிக்கிட்டு கேப்டனாப் போடலாம்."

குமுதவல்லி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி மேசைமேல் கொட்டினாள். புளியங்கொட்டைகள். தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள்.

"நேத்து சாயங்காலம் நானும் எங்க வீட்டுக்காரரும் உக்காந்து இதப் போட்டுத்தான் அந்தத் தாள எழுதினோம். தடவைக்குப் பத்துக் கொட்டை. வெள்ளை விழுந்தா நமக்கு ஒரு புள்ளி. கறுப்பு விழுந்தா எதிரணிக்கு."

பிலவேந்திரனுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"பன்னெண்டு பேருக்குமா?"

"பன்னெண்டு பேருக்கும் இதே பத்துக் கொட்டைதான்."

"ஒன்பதாம் நம்பருக்கு யார் போட்டது?"

"ஞாபகம் இல்ல அண்ணே."

அவர் அந்தக் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு பத்தாதவன், வீட்டில் தகராறு பண்ணுகிறவன், சிங்கம், கேப்டன், எல்லாம் அங்கே கிடந்தது. வெட்கத்தில் காது சூடேறியது. அப்போதுதான் இசக்கியின் ஞாபகம் வந்தது.

"டீச்சர், இசக்கி பேரை நான் அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"சாருக்கு."

"எப்போ?"

"உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே."

குமுதவல்லி அவரைத் திட்டியிருந்தால் தேவலை. கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"போங்க அண்ணே. இப்பவே போய்ப் பேசுங்க."

முட்டி வலியோடு மூன்று மாடி ஏறினார். விஜயரங்கம் ஏதோ பெயின்ட் டப்பா விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் அனுப்புன பேரு வேணாம் சார்."

"ஏன், கணக்கு தப்பா?"

"கணக்கு தப்பில்ல சார்."

"அப்புறம்?"

பிலவேந்திரன் விளக்கிப் பார்த்தார். எந்த அணியை எடுத்து அடுக்கினாலும் யாராவது ஒருத்தன் கடைசியில் வந்துதான் ஆகவேண்டும் என்றார். அதற்காக அவன்தான் காரணம் என்று ஆகாது என்றார். புளியங்கொட்டையைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போதே அவருக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. விஜயரங்கம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"சரி. இசக்கி வேணாம். உங்க வார்த்தைக்கு மரியாதை குடுக்கறேன். வேற யாருன்னு சொல்லுங்க, லெட்டர்ல பேரை மாத்திடறேன்."

"வேற யாரும் வேணாம் சார்."

"பிலவேந்திரன், ஏழு ஆட்டம் தோத்திருக்கோம். பணம் போட்டவங்க கேக்கறாங்க. நான் ஒரு பேர் சொல்லியாகணும். யாரு?"

பன்னிரண்டு முகமும் அவர் கண்முன்னால் வந்து போயின. கடைசிக்கு முந்தின வரியில் இருந்தவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. எல்லோருக்கும் வாயில் லட்டைத் திணித்துவிட்டுப் போனான். அவன் பேர் பிலவேந்திரனின் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். எந்தப் பேரையும் சொல்லாமல் அப்படியே நின்றார்.

விஜயரங்கம் காத்திருந்தார். பிறகு, "அப்போ இருக்கற பேரே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு விளம்பரத்தைப் பார்க்கத் திரும்பினார்.

திங்கட்கிழமை இசக்கிராஜா பையைக் கட்டினான். உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்தே இருந்தார்கள். பிலவேந்திரன் அவனோடு கேட் வரைக்கும் நடந்தார்.

"பழைய வேலையக் கேட்டுப் பாத்தியாலே?"

"அந்த எடத்துல வேற ஆள எடுத்துட்டாவளாம் அண்ணாச்சி."

"நான் யார்கிட்டயாவது பேசுதேன்."

"பேசுங்க." ஆட்டோவில் பையை ஏற்றினான். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நான் எந்த எடத்துல தப்புப் பண்ணேன்? சொன்னா திருத்திக்கிடுவேன்லா?"

பிலவேந்திரன் பையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

அடுத்த ஆட்டத்தில் பேரலை ஜெயித்தது.

ஒரே ஒரு புள்ளியில். கடைசி நொடியில் வளையத்தைச் சுற்றிய பந்து, இந்தத் தடவை உள்ளே விழுந்தது. அதற்கடுத்த ஆட்டமும் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததும். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். களை எடுத்த பிறகு பயிர் நிமிர்ந்தது என்று ஒரு பேப்பரில் போட்டிருந்தான். பாவி, களையாம்! பிலவேந்திரன் அந்தப் பேப்பரைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"எப்படி டீச்சர் இது? ஒருவேளை அவன்தானோ?"

"ஏழு ஆட்டத்தையும் எத்தன புள்ளியில தோத்தோம்?"

"ஒண்ணு, ரெண்டு."

"இப்போ எத்தன புள்ளியில ஜெயிக்கறோம்?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஐந்தாவது வெற்றிக்கு விஜயரங்கம் விழா எடுத்தார். கேக் வெட்டினார்கள். மைக்கைப் பிடித்து, "கணக்குன்னா இது கணக்கு! ஒரே ஒரு பேர். நோய் எங்கன்னு கரெக்டா கை வெச்சுக் காட்டினார் நம்ம பிலவேந்திரன்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பொன்னாடையை எடுத்துப் பிலவேந்திரன் தோளில் போர்த்தினார்.

"அடுத்த சீசன்ல இருந்து கணக்குப் பிரிவு முழுக்க இவர் பொறுப்பு. குமுதவல்லி மேடம் திரும்பவும் காலேஜுக்கே போறாங்க. அவங்களுக்கு நம்ம வாழ்த்துகள்."

பிலவேந்திரனுக்கே அது அந்த மைக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது. கூட்டத்தில் குருவைத் தேடினார். அவள் கடைசி வரிசையில் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். பொன்னாடையை உதறிவிட்டு இறங்கிப் போக வேண்டும் போலிருந்தது. போகவில்லை. கும்பிட்டார், சிரித்தார், கேக் ஊட்டினார்கள், தின்றார்.

ஃபோன் அடித்தது. ஓரமாகப் போய் எடுத்தார்.

"அண்ணாச்சி, டி.வி.ல பாத்தேன். வாழ்த்துகள்."

"இசக்கி, எப்படிலே இருக்க?"

"இருக்கேன். மாமா கடையில நிக்கேன். அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாம சொல்லுங்க. நான் போன மறு ஆட்டத்துல இருந்து ஜெயிக்கீங்க. அப்போ நெசமாவே நான்தான் காரணமா?"

"இல்லலே! சத்தியமா இல்ல!"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பேரை அனுப்பியது தான்தான் என்று சொன்னார். கடைசி வரியைச் சொன்னார், புளியங்கொட்டையைச் சொன்னார், வளையத்தைச் சுற்றிய பந்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் இசக்கி கடைசிவரை கேட்டான்.

"நீங்க நல்ல மனுசன் அண்ணாச்சி. என் மனசு நோகக் கூடாதுன்னு என்னென்னத்தையோ சொல்லுதீய. வச்சுடட்டா? இனிம நான் பந்தத் தொடமாட்டேன். என் மவன் விளையாடக் கேட்டான், அவன்ட்டயும் சொல்லிட்டேன், நம்ம ரத்தத்துக்கு அது சரிப்படாதுன்னு."

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு, பிலவேந்திரன் குமுதவல்லியின் அறைக்கு வந்தார். அவள் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பொன்னாடை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

"டீச்சர், உங்கள அனுப்பறாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"தெரியும் அண்ணே. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. இசக்கி சொன்னதைச் சொன்னார். மகனைப் பற்றிச் சொன்னதையும் சொன்னார்.

"அவன் காரணம் இல்லன்னு அவனுக்கு எப்படிப் புரிய வைக்கறது?"

"நாம ஜெயிச்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் முடியாது."

"தோத்தா நம்புவானா?"

"நம்புவான்."

பிலவேந்திரன் தன் வாழ்க்கையில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தோற்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அன்று முதல் முறையாக நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"தோத்தா சார் மறுபடியும் கூப்பிட்டு ஒரு பேர் கேப்பாரே, டீச்சர்."

"கேப்பாரு."

"அப்போ?"

குமுதவல்லி அட்டைப்பெட்டியை மூடி, டேப்பை ஒட்டினாள்.

"அன்னைக்கு நான் இங்க இருக்கமாட்டேன் அண்ணே. அவருக்கு எதிர்ல நீங்கதான் உக்காந்திருப்பீங்க."